இடுப்பில் ரிவால்வர்: யாருக்குப் பாதுகாப்பு?



"பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன?" பயிலரங்குகளில் இப்படிக் கேட்கும் தம்பி தங்கைகள் அதிகமாகிவிட்டார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். செல்பேசியில் ஒரு காணொளியையும் காட்டுவார்கள். அமெரிக்கர் ஒருவர் சட்டையை விலக்கி, இடுப்பில் செருகியிருக்கும் .44 மேக்னம் ரிவால்வரைக் காட்டி, கடைக்குப் போனாலும் இது இல்லாமல் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தக் கேள்வியை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. உண்மை அறியும் குழுவின் வேலை முடிந்து, இருட்டில் பைக்கில் திரும்பும்போது, பின்னால் ஒரு வண்டியின் விளக்கு விடாமல் வந்தால் வயிற்றில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். பெயர் சொல்லாமல் வரும் மிரட்டல் அழைப்புகளும் எனக்குப் பழக்கம்தான். உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். அதற்காகப் படித்ததையும், கடைசியில் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். .44 மேக்னம் ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1955இல் கொண்டுவந்தது. பெரிய மிருகங்களை வேட்டையாடுகிறவர்கள் விரும்பிய தோட்டா அது. 1971இல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் ஒரு வெள்ளைப் போலீஸ்காரரின் கையில் வந்த பிறகு உலகப் புகழ் பெற்றது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஆறு தோட்டாக்கள். சுட்டால் கையையே தூக்கி எறிவதுபோல் உதைக்கும். ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடிய வேகம். இதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடப்பதற்கு இன்று அந்த நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. வீட்டுக்கு வெளியே துப்பாக்கி ஏந்துவதும் அரசமைப்பு தரும் உரிமைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்புச் சொன்னது.

அந்த உரிமை யாருடையது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் அதே நீதிமன்றம், கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று சொன்னது. அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் போகுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்தும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்பதைத் தலைமை நீதிபதி டேனி தன் தீர்ப்பிலேயே எழுதினார். அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வி, யார் மனிதர் என்ற கேள்வியோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

கறுப்பர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 1892இல் மெம்பிஸ் நகரில் தன் நண்பர்கள் மூவர் வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்ட பிறகு, பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். சட்டம் பாதுகாக்காத இடத்தில் ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ஒரு ரைஃபிளுக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று எழுதினார். அகிம்சையின் அடையாளமாக நாம் சொல்லும் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் 1956 ஜனவரியில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு அவர் மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அந்த ஊரில் அவரைவிட உயிராபத்து உள்ளவர் யார் இருந்திருப்பார்? அவருக்கே இல்லை. பின்னாளில் அவர் துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தது வேறு கதை. மறுப்பு முதலில் வந்தது, முடிவு பிறகுதான் வந்தது.

1966இல் கலிபோர்னியாவில் பிளாக் பாந்தர் கட்சி தோன்றியது. அப்போதைய சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்தி, போலீஸ் ரோந்தைக் கண்காணித்தார்கள். மறு ஆண்டே பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கமும் அந்தச் சட்டத்தை ஆதரித்தது. 1972இல் பம்பாயில் உருவான தலித் பாந்தர்ஸ் அமைப்புக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பெயரோடு இந்த அனுபவத்தையும் சேர்த்தே நாம் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால் 2016 ஜூலை 6ஐப் பாருங்கள். மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற 32 வயது கறுப்பர், பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர், காரில் போய்க்கொண்டிருந்தார். போலீஸ் நிறுத்தியது. அவரிடம் முறையான உரிமம் இருந்தது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாக, முன்கூட்டியே சொன்னார். அடுத்த சில நொடிகளில் அந்தக் காவலர் ஏழு முறை சுட்டார். காரில் அவருடைய துணைவியும் அவரின் நான்கு வயது மகளும் இருந்தார்கள். மறு ஆண்டு அந்தக் காவலர் விடுதலை செய்யப்பட்டார். துப்பாக்கியை மறைக்கலாம், தோலை மறைக்க முடியாது. வெள்ளையர் இடுப்பில் இருந்தால் தற்காப்பு என்று பார்க்கப்படும் அதே பொருள், காஸ்டீல் அருகில் இருந்தபோது அவரைக் கொல்வதற்கான காரணமாகிவிட்டது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர், இவ்வளவு கொடுமைக்கும் இந்த மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்று கேட்டு, வருண முறை அவர்களுக்கு ஆயுதத்தையும் கல்வியையும் மறுத்ததைக் காரணமாகச் சொல்கிறார். அது 1936. 1995இல் வந்த வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் விதி 3ஐ எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் அரசு செய்ய வேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கலாம் என்று அதில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது. ஆக, காகிதத்தில் நமக்கு உரிமை இருக்கிறது.

காகிதத்துக்கு வெளியே என்ன? உரிமம் கொடுக்குமுன் உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கை வேண்டும். நான் ஒரு காவல் நிலையத்தில் விசாரித்தபோது அங்கிருந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "உங்க மேல எத்தனை கேஸ் இருக்கு?" சாலை மறியல், ஊர்வலம், அனுமதியில்லாத கூட்டம் என்று எல்லா வழக்குகளும் நம் மீதுதான். நம் புகாரை வாங்க மறுக்கும் நிலையமே நம் நடத்தைக்குச் சான்று தர வேண்டும். விலையும் இருக்கிறது. 2014இல் பெண்களின் பாதுகாப்புக்கு என்று கான்பூர் அரசு ஆலை கொண்டுவந்த .32 ரிவால்வர் 'நிர்பீக்'கின் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். எந்தக் கூலித் தொழிலாளிப் பெண் வாங்குவாள்?

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தற்காப்புரிமை தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. ஆனால் தற்காப்புக்காகச் சுட்டேன் என்று நிறுவ வேண்டிய பொறுப்பு சுட்டவருடையது. ஊரே எதிர்சாட்சியாக நிற்கும் வழக்கில் சேரி இளைஞன் எப்படி நிறுவுவான்? அவன் சிறையில் இருக்கும்போது அவன் தெருவுக்கு யார் காவல்?

1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பட்டப்பகலில் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். மிரட்டல் இருந்தது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. வந்தது ஒரு திருடன் அல்ல, திட்டமிட்டு வந்த கூட்டம். சாதி நம்மைத் தாக்கும் விதம் இதுதான். ஆறு தோட்டா ரிவால்வர், தனியாக வரும் ஒருவனை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது.

நான் விண்ணப்பிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறைத்து வைத்த ஆயுதம் ஆளைத் தனியாக்குகிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அவமானத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அப்படி ஒரு பொருள் இருப்பதை நான் விரும்பவில்லை.

கறுப்பர் வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கம் 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோ என்ற சிற்றூரில் தொடங்கிய 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' அமைப்பு. ஆலைத் தொழிலாளர்களும் முன்னாள் ராணுவத்தினரும் சேர்ந்து உருவாக்கியது. ஆம், அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் கு கிளக்ஸ் கிளான் கும்பலைத் தயங்க வைத்தது துப்பாக்கி மட்டும் அல்ல. முறைவைத்து ரோந்து போனார்கள். வாக்கி டாக்கியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த போராட்டக்காரர்களைப் பாதுகாப்பாக அழைத்துப் போனார்கள். ஒருவரைத் தொட்டால் எல்லோரும் வருவார்கள் என்று எதிரிக்குத் தெரியும்படி வெளிப்படையாகச் செய்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஏற்பாட்டை. உரிமம் கேட்க விரும்பும் தோழரை நான் தடுக்க மாட்டேன். கேட்பது உரிமை, மனு எழுதவும் உதவுவேன். ஆனால் அதே விதி 3இல் அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு கடமைகளை முதலில் கேளுங்கள். வன்கொடுமைப் பகுதியில் மற்றவர்களிடம் இருக்கும் உரிமங்களை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைப்பது ஒன்று. சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்வது இன்னொன்று. உங்கள் மாவட்டத்தில் இவை எத்தனை முறை நடந்தன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தரச் சொல்லும் 15அ பிரிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, நகல் எடுத்து, நான்கு பேருக்கு அனுப்புங்கள். களத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். கிளம்பும்போதும் சேரும்போதும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

நம்மைக் காக்க வேண்டிய கடமை அரசுடையது. அதை ஆளுக்கு ஒரு ரிவால்வராகப் பிரித்து வாங்கிக்கொண்டு அரசை விட்டுவிடக் கூடாது.