கண்டாலா இறக்கமும் என் பிரேக்கும்

மழைக்காலம் முடியும் தறுவாயில் லோனாவாலாவைக் காண்பது கண்ணுக்கு விருந்து. பாறைதோறும் அருவி, பள்ளத்தாக்கு முழுதும் மூடுபனி. அவ்வூர் ரயில் நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு அது அன்றாடக் காட்சி. எனினும் அம்மலையை நான் உள்ளபடி அறிந்தது 2023 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மோட்டார் சைக்கிளின் பிரேக் கைவிட்ட பொழுதுதான்.

லோனாவாலாவை அடுத்துள்ள கண்டாலாவில் தொடங்கும் இம்மலைச்சரிவுக்குப் போர் காட் என்று பெயர். இங்கே இருப்புப்பாதை 1863-இல் திறக்கப்பட்டது. 37 அடிக்கு ஓரடி வீதம் இறங்கும் கடுஞ்சரிவு அது. கர்ஜத்திலிருந்து மேலேறும் ரயில்களைப் பின்னிருந்து தள்ளுவதற்குத் துணை எஞ்சின்கள் பூட்டப்படும். கீழிறங்கும் ரயில்களோ இடையில் நின்று, தம் பிரேக் பிடிக்கிறது என்று மெய்ப்பித்த பின்னரே மேற்செல்லலாம். நில்லாமல் ஓடிவரும் வண்டி, மேட்டின்மேல் ஏறும் கிளைப்பாதை ஒன்றில் புகுந்து வேகம் அடங்குமாறு தண்டவாளம் அமைந்திருக்கிறது. அதனைக் 'காட்ச் சைடிங்' என்பர். இத்தனையும் அறிந்த ரயில்வேக்காரனாகிய நான், 2017-இல் வாங்கிய என் சொந்த வண்டியின் பிரேக்கை ஒரு நாளும் சோதித்ததில்லை!

அன்று கோபோலியில் நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பழைய மும்பை–பூனா சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. அதற்குள் சாலை 500 மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். மனைவி பின்னால் அமர்ந்திருந்தாள். பெட்ரோல் மிச்சமாகும் என்ற அற்ப ஆசையால் வண்டியை நியூட்ரலில் விட்டு, இரு பிரேக்குகளையும் ஓயாமல் அழுத்தியவாறே இறங்கினேன். சில வளைவுகள் கடந்ததும் முன் பிரேக்கின் கைப்பிடி பஞ்சுபோல் மெத்தென்றாகி, ஹாண்டில்பாரையே வந்து தொட்டது. பின் பிரேக்கும் மிதிக்க மிதிக்க வலுவிழந்தது. முன்னால் சென்ற லாரியின் முதுகு நெருங்கிற்று.

"ஏன் இவ்வளவு வேகம்?" என்றாள் மனைவி.

விடை சொல்ல நா எழவில்லை. மூன்றாம் கியர், பிறகு இரண்டாம் கியர் என மாற்றினேன். எஞ்சின் உறுமிக்கொண்டே வேகத்தை அடக்க, சாலையோரச் சரளையில் வண்டியை ஒருவாறு நிறுத்தினேன்.

அருகில் சிங்ரோபா கோயில் இருந்தது. இம்மலையில் வழி காட்டிய இடையர் ஒருவரின் நினைவாக எழுந்தது என்று மக்கள் கூறுவர். அதன் வாயிலில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தோம். சூடு ஆறியதும் கைப்பிடி மீண்டும் இறுகியது எனக்கு விளங்காப் புதிராக இருந்தது. இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து கோபோலி சேர்ந்தோம். திரும்பும்போது மனைவி என்னுடன் வரவில்லை, பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

எங்கள் அண்டை வீட்டு முதியவர் ஓய்வு பெற்ற ரயில்வே பிட்டர். தெருவே அவரைக் 'காகா' என்று அழைக்கும். மராத்தியில் அச்சொல் சிற்றப்பாவைக் குறிக்கும். எங்கள் மகள் முதல் நாள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. நடந்ததைக் கேட்ட காகா, "ரயிலில் பிரேக் குழாய் அறுந்தால் காற்றழுத்தம் குறைந்து வண்டி தானே நின்றுவிடும். உன் வண்டியில் குழாய் அறுந்தால் வண்டி நில்லாது. அப்படியானால் எதை அதிகமாகப் பேண வேண்டும்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு முற்றத்தில் வேலை தொடங்கியது. பிரேக் ஆயில் கிண்ணத்தைத் திறந்தால், இளமஞ்சளாக இருக்க வேண்டியது காப்பி டிகாக்ஷனாகக் கறுத்திருந்தது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும்; ஆவி அமுங்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும். புதிர் விடுபட்டது. இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் மாற்ற வேண்டியதை நான் ஆறாண்டு மாற்றவில்லை.

ஆயில் வெளியேறும் முனையில் சிறு குழாயைச் செருகிப் புட்டியில் விட்டோம். கைப்பிடியை அழுத்துவது, முனையைத் திறப்பது, மூடுவது, பிறகே கைப்பிடியை விடுவது: இம்முறை பிறழ்ந்தால் காற்று உட்புகும். மேற்கிண்ணம் வற்றாதபடி புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தோம். பெயிண்டில் சிந்திய துளியை உடனே நீரால் கழுவினோம். தேய்ந்த பேடுகளை மாற்றினோம். பின் டிரம்மின் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, பளபளத்துப்போன ஷூக்களை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, கால்மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு இருக்குமாறு திருகை அமைத்தோம்.

அழுத்துகையில் சற்றே உப்பும் பழைய ரப்பர் குழாய்க்கு மாற்றாக எஃகுப் பின்னலிட்ட குழாயைப் பொருத்தினோம். இணைப்புகளுக்குப் புதிய செம்பு வாஷர்கள். ஏ.பி.எஸ். வேண்டுமென்ற ஆசையும் எழுந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு அது கட்டாயம். ஆனால் பழைய வண்டியில் வீட்டில் பொருத்தும் பொருளன்று என்று காகா தடுத்துவிட்டார். கைப்பிடி கல்போல் இறுகும் வரை அழுத்திப் பார்த்து, தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திய பின்னரே, வேலை முடிந்தது என ஒப்புக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் கோபோலிக்குப் புறப்பட்டேன். மனைவி வாயிலில் நின்று வண்டியை நோக்கினாள். பிறகு என்னை நோக்கினாள்.

"கியரில்தானே இறங்கப் போகிறோம்?" என்றாள்.

"ஆம்" என்றேன். ஏறிக்கொண்டாள்.

சங்க அன்பர்களே! ரயிலை நிறுத்திச் சோதிக்க விதி இருக்கிறது, ஆள் இருக்கிறது. நம் வீட்டு வண்டிக்கு நாமே விதி, நாமே ஆள். அடுத்த மலைப்பயணத்திற்கு முன் அந்த ஆயில் கிண்ணத்தை ஒரு முறை திறந்து பாருங்கள்.