பிள்ளை கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள்!

"கணக்குக்கு டியூஷன் வைத்திருக்கிறேன், இங்கிலீஷுக்கும் வைத்திருக்கிறேன். சமூக அறிவியல்தானே? நாலு தரம் வாசித்தால் வந்துவிட்டுப் போகிறது!" இப்படிச் சொல்லாத தாய்மார்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், சகோதரிகளே. சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் சொல்வதைத்தான் எங்கள் தெள்ளார்த் தாய்மார்களும் சொல்கிறார்கள்.

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக் கொடுப்பது என் வேலை. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் பெற்றோரை அழைத்துப் பேசுவேன். அங்கே சொல்வதை உங்களிடமும் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

ஐந்தாம் வகுப்பு வரை பாடத்தை ஒப்பித்தால் போதும், 'சமர்த்து' என்று பெயர் வாங்கிவிடலாம். ஆறாம் வகுப்பில் அந்தக் கதை நடக்காது. ஆறாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே 'வரலாறு என்றால் என்ன?' என்பதுதான். பிள்ளை அன்றைக்கே கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இது நமக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரையே உதாரணமாகச் சொல்லலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியனைத் தோற்கடித்தது இந்தத் தெள்ளாற்றில்தான். அதனாலேயே அவனைத் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அவன்மேல் பாடப்பட்ட நந்திக்கலம்பகத்தை எழுதிய புலவர் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால், நெருப்பு மூட்டிய சிதையின்மேல் அமர்ந்து அந்தப் பாட்டைக் கேட்டபடியே அரசன் உயிரை விட்டான் என்கிற கதை மட்டும் ஊருக்கெல்லாம் தெரியும்.

போரைக் கல்வெட்டு சொல்கிறது. சிதையைக் கதை சொல்கிறது. இரண்டும் ஒன்றா? தோற்ற பாண்டியன் பக்கத்துச் சின்னமனூர்ச் செப்பேட்டைப் பார்த்தால், அவன் குடமூக்கில், அதாவது இன்றைய கும்பகோணத்தில், பல்லவர் உட்படப் பலரை வென்றான் என்று பெருமை பேசுகிறது! அவரவர் ஜெயித்ததை அவரவர் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மாமியார் மருமகள் சண்டையில் நாம் செய்வதில்லையா, அதேதான்!

இதில் ஒரு சங்கடமும் உண்டு. "பாட்டி சொன்ன கதை பொய் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களாமே?" என்று சிலர் என்னிடம் மனம் வருந்திக் கேட்டதுண்டு. பொய் என்று நான் சொல்லவில்லை. கதைக்கு ஓர் இடம், சாட்சிக்கு ஓர் இடம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு யாரோ கைபேசியில் அனுப்பிய செய்தியையும் அப்படியே நம்பிவிட மாட்டான். பாட்டியின் மடி எங்கேயும் போய்விடாது.

எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகை வரும். 1760-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி, பக்கத்து வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரர்களின் லாலியைத் தோற்கடித்தார். மறு வருஷமே புதுச்சேரியும் விழுந்தது. தேதியை மனப்பாடம் செய்வது நல்லதுதான். ஆனால், எங்கேயோ இருக்கிற இரண்டு தேசத்தார் நம் வயற்காட்டில் வந்து ஏன் சண்டை போட்டார்கள் என்று பிள்ளை கேட்க வேண்டும். அதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

"எல்லாம் சரி டீச்சர், நான் அஞ்சாவதோடு நின்னவ. எனக்கு என்ன தெரியும், நான் எப்படி உதவி செய்யறது?" என்பீர்கள். இதே வார்த்தையைச் சொன்ன ஒரு தாயாரைப் பற்றிக் கேளுங்கள். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த பட்டு நெசவுக் குடும்பம். 'உங்கள் வீட்டுத் தொழில்' என்று ஏழாம் வகுப்பில் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தேன். அவர் மகள் ஏதோ புத்தகத்திலிருந்து அழகாக நகல் எடுத்து வந்தாள். "இது வேண்டாம், அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் தாயாரே வந்துவிட்டார், சற்றுக் கோபத்தோடுதான்.

உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது என்றார். ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்றார். பூகோளம் ஆயிற்றா? கூட்டுறவுச் சங்கம், கூலி, கடன் என்று சொல்லிக்கொண்டே போனார். குடிமையியலும் பொருளியலும் ஆயிற்று! பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் மறுபடி எழுதி வந்த பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: 'அம்மா தார் சுற்றுகிறார், பாவு பிணைக்கிறார். கூலி புடவைக்குத்தான். அம்மாவுக்கென்று தனிக் கூலி கிடையாது.' தாயார் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "இதையெல்லாம் நோட்டில் எழுதலாமா டீச்சர்?" என்று தயங்கினார்.

"நிஜம்தானே அம்மா?"

"நிஜம்தான்."

"அப்படியானால் இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், மகளின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருஷம் முழுவதும் அந்தப் பெண் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி எனக்கு மாளவில்லை!

ஆகவே, தாய்மார்களே, உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கடையில் விற்கும் படங்களை வாங்கி ஒட்டி, பிள்ளையின் செயல்திட்டத்தை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கோணல் மாணலாக இருந்தாலும் அவன் கையால் வரைந்த வரைபடம்தான் வேண்டும். பாடத்தை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், "அது ஏன் அப்படி ஆயிற்று? உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தினமும் பத்து நிமிஷம் செய்தித்தாளை அவனை விட்டு வாசிக்கச் சொல்லி, வேலை செய்தபடியே காது கொடுங்கள். அடுக்களையில் இருக்கும் மிளகு எந்த ஊர், கோதுமை எந்த ஊர் என்று தேசப்படத்தில் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினராவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். கூட்டம் என்று சீட்டு வந்தால், "அவரைப் போகச் சொல்கிறேன்" என்று ஒதுங்காமல் நீங்களே வாருங்கள்.

மதிப்பெண் வரும், போகும். சாப்பாட்டு வேளையில் பிள்ளை திடீரென்று, "அம்மா, உன் சின்ன வயசில் இந்த ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "பேசாமல் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டுவிட்டு, பதில் சொல்லுங்கள்.