முடியவில்லை என்னும் சொல்

உடல் நலமாய் இருக்கும் வரையில் அது நம்மோடு பேசுவதில்லை. நடக்கின்ற கால் தன்னைக் கால் என்று அறிவிப்பதில்லை. எழுதுகின்ற விரல் தன் உழைப்பைச் சொல்லிக் காட்டுவதில்லை. நோய் வந்த பிறகே உடல் வாய் திறக்கின்றது. காய்ச்சலாகவும் புண்ணாகவும் வீக்கமாகவும் அது பேசும்போது அயலாரும் அதைக் கேட்டு நம்புகின்றனர். ஆனால் உடையவர் ஒருவருக்கு மட்டுமே கேட்கும்படி, மிக மெல்லிய குரலில் உடல் பேசுவதும் உண்டு. அக்குரலைக் கேட்டவர் அதைப் பிறருக்கு எடுத்துரைக்கப் படும் பாடே பெரும்பாடு.

பந்திங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஓர் ஆசிரியைக்கு அந்தப் பாடு ஐம்பதாவது வயதில் வந்து சேர்ந்தது.

ஓர் இரவு வலக்கால் பெருவிரலின்மேல் எறும்புகள் ஊர்வது போல் இருந்தது. எழுந்து விளக்கைப் போட்டார். மெத்தை விரிப்பை உதறினார். தலையணையைத் தூக்கிப் பார்த்தார். ஓர் எறும்பும் இல்லை. படுத்தார், மீண்டும் ஊர்ந்தது. சில வாரங்களில் இடக்காலுக்கும் அது வந்தது. பிறகு எறும்பு ஊசியாயிற்று, ஊசி நெருப்பாயிற்று. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால், மோரிப் கடற்கரையின் நண்பகல் மணலில் நிற்பது போல் உள்ளங்கால் எரிந்தது. தொட்டுப் பார்த்தால் தோல் குளிர்ந்தே இருந்தது.

அதற்குப் பின்னாலேயே அசதி வந்தது. வேலை செய்த பின் வரும் களைப்பை அவர் அறிவார். செம்பனைத் தோட்டமும் பால்மரக் காடும் சூழ்ந்த ஊரில், விடியுமுன் மரம் சீவச் சென்ற தாயின் மகளாக வளர்ந்தவருக்குக் களைப்பு புதிதன்று. களைப்பு உறங்கினால் தீரும். இந்த அசதியோ உறங்கி எழும்போதே உடன் எழுந்தது. மூன்றாம் பாடவேளை வருமுன் மேசையில் கை ஊன்றி நின்றுகொண்டுதான் செய்யுளை விளக்க முடிந்தது. பள்ளி முடிந்து வாகனத்தில் ஏறி, விசையைத் திருப்பவும் மனமின்றிச் சிறிது நேரம் அமர்ந்திருப்பது வழக்கமாயிற்று.

தமிழாசிரியர் ஆதலால், தமக்கு நேர்வதை எந்தச் சொல்லால் குறிப்பது என்னும் ஆராய்ச்சி முதலில் எழுந்தது. தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. மரத்துப் போதல் வேறு, மதமதப்பு வேறு. குறுகுறுப்பு, எரிச்சல், குடைச்சல், சுரீர் என்னும் குத்தல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உணர்ச்சி. கால் குடைகிறது என்று பாட்டிமார் சொன்னால், அது வலிக்கிறது என்பதாகாது. ஆயினும் இத்தனை சொற்களும் கிளினிக்கின் கதவு வரையில்தான் உடன் வந்தன. உள்ளே சென்றதும் மலாயில் ‘கெபாஸ்’ என்றார். மரத்துப் போதல் என்பது அதன் பொருள். ‘செமுட்-செமுட்’ என்றார். செமுட் என்பது மலாயில் எறும்பு. தமிழருக்கு ஊரும் அதே எறும்புதான் மலாய்க்காரருக்கும் ஊர்கின்றது! மேலைநாட்டு மருத்துவரும் இவ்வுணர்ச்சிக்கு எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே ‘ஃபார்மிகேஷன்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். மொழிகள் வேறானாலும் மனித நரம்பு ஒன்றே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தார். அது முறையான செயலே. கால் நரம்புகளைக் கெடுக்கும் காரணங்களுள் முதலிடம் நீரிழிவுக்கு உரியது. சர்க்கரை அளவோடு இருந்தது. சத்து மாத்திரைகள் பெற்று ஆசிரியை வீடு திரும்பினார். இரண்டாமவர் தைராய்டு சுரப்பியைச் சோதித்தார், குறையில்லை. மூன்றாமவர் வயதைக் கேட்டார். மனக்கவலை உண்டா என்று வினவினார். உண்டு என்றார் ஆசிரியை. நான்கு மாதமாகக் கால் எரிந்தால் யாருக்குத்தான் கவலை இராது? அந்த ‘உண்டு’ என்னும் ஒரு சொல்லே நோயின் காரணமாக ஏட்டில் ஏறிவிட்டது.

பின்னர்க் கிள்ளானில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பல மாதம் காத்திருந்து நரம்பின் மின்னோட்டச் சோதனையைச் செய்துகொண்டார். காலில் சிறுசிறு மின்னதிர்ச்சி தந்து, செய்தி நரம்பில் எவ்வளவு விரைவாகச் செல்கின்றது என அளந்தனர். “நரம்புகள் நன்றாக இருக்கின்றன” என்றனர். நல்ல செய்தி கேட்டு அழுதவர் அன்று அந்த வளாகத்தில் அவர் ஒருவராகவே இருந்திருப்பார். நோய் இருக்கின்றது என்று எவரேனும் சொல்ல மாட்டார்களா என ஏங்குவது விந்தையான ஏக்கந்தான். ஆனால் பெயரற்ற துன்பத்தைச் சுமந்தவர்களுக்கு அது விந்தையன்று. பெயர் கிடைத்தால் விடுப்புக் கேட்கலாம். உறவினர்க்கு விடை சொல்லலாம். தமக்குத் தாமேயும் சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் இல்லாதபோது ஊரார் பெயர் சூட்டினர். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார்; ஒருவர் கண்ணேறு என்றார். சீன வைத்தியரிடம் செல்லச் சொன்னவரும் உண்டு, எண்ணெய் தந்தவரும் உண்டு. “பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறீர்கள், டீச்சர்!” என்று உடன் பணிபுரிவோர் அன்போடு சொன்னார்கள். அன்பு அதில் இருந்தது, நம்பிக்கை இல்லை.

அத்தகைய நாள் ஒன்றில்தான் பழைய நினைவு ஒன்று அவரைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன் அவர் வகுப்பில் ஒரு சிறுவன், “எழுத முடியவில்லை, டீச்சர், கை என்னவோ போல இருக்கிறது” என்றான். என்னவோ போல என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. சோம்பல் என்று முடிவு கட்டினார். எஞ்சிய பாடத்தை ஓய்வுவேளையில் எழுதி முடிக்கச் செய்தார். சிறுவன் தலைகுனிந்து எழுதினான். எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்கி இறங்கிச் சென்றன. அந்தக் கையில் அன்று எறும்பு ஊர்ந்ததா, அல்லது சோம்பல்தானா? கேட்காமல் விட்ட கேள்விக்கு இனி விடை கிடைக்கப் போவதில்லை.

காரணம் தெரியாத இத்துன்பம் இந்நாட்டுக்குப் புதிதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறே தொடங்கினர்: கால் மரத்தது, கெண்டைச்சதை நொந்தது, அசதி மேலிட்டது, கால் வீங்கியது, பலருக்கு நெஞ்சு நின்றது. அந்நோய்க்குப் ‘பெரிபெரி’ என்று பெயர். அது சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ‘இயலாது, இயலாது’ என்பதே அதன் பொருளாம். தமிழரும் நோயுற்றால் ‘உடம்புக்கு முடியவில்லை’ என்றுதானே சொல்கின்றோம்? நோயாளியின் முறையீடே நோயின் பெயராகிவிட்டது.

காரணம் யாது என்பதில் மருத்துவர் ஒன்றுபடவில்லை. தொற்று என்றனர் சிலர். மண்ணின் நஞ்சு என்றனர் சிலர். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். சயாம் நாட்டிலிருந்து வந்த தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிந்தனர். அதே மண்ணில், அதே மழையில் உழைத்த தமிழருக்கு அது அரிதாகவே வந்தது. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி பரவியது. அவ்வாண்டின் டிசம்பரில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒருபுறம், இரட்டைப்படை எண்ணினர் ஒருபுறம். ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளரிசி. மறு பிரிவுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவு ஒன்றே. ஓராண்டு முடிவில், வெள்ளரிசி உண்ட 120 பேரில் 34 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. வரிசையில் நின்று எண்ணப்பட்டவர்களை வரலாறு எண்களாகவே நினைவில் வைத்திருக்கின்றது. அவர்கள் எவரிடம் எந்த மொழியில் ‘முடியவில்லை’ என்று முறையிட்டிருப்பார்கள்! முறையிட்டிருந்தாலும், பித்தர் பேச்சென்று அது தள்ளப்பட்டிருக்கும்.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907-இல் தொடங்கி, நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடையே இதையே ஆராய்ந்து உறுதி செய்தனர். ஆலை தீட்டி எறிந்த தவிட்டோடு உயிர்ச்சத்து ஒன்றும் போய்விடுகின்றது. நெல்லை அவித்தால் அச்சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்குகின்றது. சத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1926-இல், பத்தாவியாவில். அதைச் செயற்கையாக ஆக்கியது 1936-இல். ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், நெல்லூரில் பிறந்த அமெரிக்கர். இன்று அதனைத் தயமின் அல்லது வைட்டமின் பி1 என்கின்றோம்.

இங்கே எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கின்றது என்பதே பிராடனின் எண்ணம், அது பிழையாயிற்று. ஆயினும் யார் எதை உண்டார், யாருக்குக் கால் மரத்தது என்னும் குறிப்பு பிழைபடவில்லை. காரணத்தின் பெயர் தெரியுமுன்பே, குறிப்பு வழிகாட்டிவிட்டது. அரிசியை மாற்றினால் உயிர் தப்பும் என்பது 1906-லேயே தெரிந்துவிட்டது.

இவ்வரலாற்றைப் படித்த நாளில் ஆசிரியை பள்ளிக் குறிப்பேடு ஒன்றை எடுத்து நான்கு கட்டம் கோடிட்டார். நாள், இடம், உணர்ச்சி, அதற்கு முன் செய்தது. ‘பெருவிரல், எறும்பு, இரவு.’ ‘இரு உள்ளங்கால், எரிச்சல், வெந்நீரில் குளித்த பின்.’ ‘அசதி, காலை, உறங்கியும்.’ மிகைப்படுத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தாமே தமக்கு மாணவியாகவும் தாமே தமக்குத் திருத்துநராகவும் இருந்தார். தம்மையே ஐயுறும் பழக்கம் அந்தக் கட்டங்களுக்குள் மெல்லக் குறைந்தது.

பந்திங்கிலிருந்து கிள்ளானுக்கும், அங்கிருந்து இரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் சென்று, கோலாலம்பூரில் ஒரு நரம்பியல் மருத்துவரைக் கண்டபோது அக்குறிப்பேடும் உடன் சென்றது. அம்மருத்துவர் அதை மலாயில் சொல்லச் சொல்லிப் பக்கம் பக்கமாகக் கேட்டார். குண்டூசி முனையால் விரலிலிருந்து முழங்கால் வரை தொட்டுத் தொட்டுக் கேட்டார். குளிர்ந்த உலோகத்தை வைத்துக் கேட்டார். கணுக்காலுக்குக் கீழே குளிர்ச்சி குளிர்ச்சியாகத் தெரியவில்லை.

மருத்துவர் சொன்ன விளக்கம் எளியது. நரம்பில் பருத்த இழையும் உண்டு, மெல்லிய இழையும் உண்டு. மின்னோட்டச் சோதனை அளப்பது பருத்த இழைகளை. எரிச்சலையும் குளிரையும் வலியையும் சுமப்பவை மெல்லியவை. அவை கெட்டாலும் அச்சோதனை ‘நன்று’ என்றே கூறும். உடலில் மிக நீண்ட நரம்பு இடுப்பிலிருந்து கால்விரல் வரை செல்வது. ஆதலால் கேடு பெரும்பாலும் விரல் நுனியில் தொடங்கி மேலேறும். காரணங்கள் பல: நீரிழிவு, மது, தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறைவு. பால் பொருளும் இன்றி மரக்கறியே உண்போரும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போரும் பி12-ஐச் சோதித்துக்கொள்வது நலம். தொழுநோயும் உணர்விழந்த தேமலாகத் தொடங்குவது உண்டு. 1930-இல் சுங்கை பூலோவில் அந்நோயாளருக்கென எழுந்த குடியிருப்பை இந்நாடு மறக்கவில்லை. இவை யாவும் ஒன்றொன்றாகப் பார்த்து விலக்கப்பட்டன. எல்லாம் விலக்கிய பின்பும் காரணம் தெரியாமல் நிற்போர் கணிசமானோர் உண்டு என்றார் மருத்துவர். அந்நிலைக்கு ‘இடியோபதிக்’ என்று கிரேக்கச் சொல் ஒன்று வழங்குகின்றது. தனக்கே உரிய துன்பம் என்பது அதன் வேர்ப்பொருள்.

எரிச்சல் தணிய ஒரு மாத்திரையும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை மறுசோதனையும் கிடைத்தன. முழு விடை கிடைக்கவில்லை. எறும்புகள் இன்றும் இரவில் வருகின்றன. ஆயினும் தலைமையாசிரியரிடம் சொல்லி, கடினமான பாடங்களைக் காலை முதல் வேளைக்கு மாற்றிக்கொண்டார். நிற்க வேண்டிய இடத்தில் நாற்காலி போட்டுக்கொள்ள இப்போது கூசுவதில்லை.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். அந்த நான்காமவர் ஆசிரியையின் இல்லத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தார். மரம் சீவித் தேய்ந்த கைகளையுடைய முதிய தாய், சோதனைத்தாள் எதையும் படிக்கத் தெரியாதவர், மகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “எந்த விரலும்மா?” என்று கேட்டார். மெய்யா என்று அவர் கேட்டதில்லை.

அண்மையில் ஒரு நாள், நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “முடியவில்லை, டீச்சர்” என்றாள். ஆசிரியை கரும்பலகையை விட்டு இறங்கி வந்து, அவள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

“எங்கே, எப்படி இருக்கிறது? உனக்குத் தெரிந்த சொல்லில் சொல்” என்றார்.