தொடாமல் இருக்கத் தெரிந்த விரல்

காவலூர் ஜவ்வாது மலையில் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகிறது. மழை ஓய்ந்த மாதங்களில் அந்த மலைப்பக்கத்திலும் ஏலகிரியிலும் சொந்தத் தொலைநோக்கியை நிறுத்தி இரவெல்லாம் வானைப் படமெடுப்பவர்கள் உண்டு. இவர்கள் வேலை செய்யும் முறையைப் பக்கத்தில் நின்று கவனித்தால், தொலைநோக்கியை மோட்டார்தானே திருப்புகிறது, மனிதருக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம் மாறிவிடும். மோட்டார் தொலைநோக்கியைச் சுமந்து நகர்த்துகிறது. விண்மீனைப் பிடித்துவைப்பது அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மனிதக் கணிப்பு. அந்தக் கணிப்பில் பெரும்பகுதி எப்போது திருத்தக் கூடாது என்று அறிவதுதான் என்பது என் வாதம்.

மோட்டார் ஏன் போதவில்லை என்பதற்குக் காரணம் பல்சக்கரத்தில் இருக்கிறது. வானம் வினாடிக்கு 15 விகலை வீதம் நகர்கிறது. ஒரு பாகையில் 3600 விகலை. 1000 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் 5 விகலை என்பது சென்சாரில் 0.024 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தப் பிசகு போதும், புள்ளியாக விழவேண்டிய விண்மீன் முட்டை வடிவாகிவிடும். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்புக்கு மவுண்ட் என்று பெயர்; பரவலாகப் புழங்கும் மவுண்ட் ஒன்றில் முதன்மைச் சக்கரத்துக்கு 180 பற்கள். அதைச் சுழற்றும் வார்ம் திருகு ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 479 வினாடி, அதாவது எட்டு நிமிடம் ஆகிறது. எவ்வளவு கவனமாகக் கடைந்தாலும் அந்தத் திருகு முழு வட்டமாக இருப்பதில்லை. ஆகவே எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை விண்மீன் மேற்கே கொஞ்சம் முந்தும், கிழக்கே கொஞ்சம் பிந்தும். விலை குறைந்த மவுண்ட்களில் இந்த ஆட்டம் பத்துப் பதினைந்து விகலையைத் தொட்டுவிடும்.

இந்த விலகலைக் கையால் திருத்துபவர், அதாவது கைடு செய்பவர், கண்ணுக்குத் தெரிவது சிவப்பு வெளிச்சத்தில் ஒளிரும் குறுக்குக்கோடும் அதன் நடுவே ஒரு விண்மீனும்தான். கையில் நான்கு பொத்தான் உள்ள ஹேண்ட்செட். விண்மீன் கோட்டை விட்டு விலகும்போது மூன்று காரணங்களில் எது என்று அவர் பிரித்தறிய வேண்டும். நொடிக்கு நொடி எல்லாப் பக்கமும் துடித்துவிட்டுத் தானே நடுவுக்குத் திரும்பினால் அது காற்றின் சலனம். கிழக்கு மேற்காக மட்டும், நிமிடக்கணக்கில் மெதுவாகப் போய்த் திரும்பினால் அது திருகின் குறை. வடக்கிலோ தெற்கிலோ ஒரே திசையில் விடாமல் நழுவினால் மவுண்ட்டின் அச்சு துருவத்தை நோக்கி இல்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பொத்தானைத் தட்டலாம். முதலாவதற்குத் தட்டினால், காற்று விண்மீனை நடுவுக்குக் கொண்டுவரும் நேரத்தில் மோட்டார் அதை மறுபக்கம் தள்ளிவிடும். அனுபவமுள்ள வண்டிக்காரர் சக்கரம் ஒவ்வொரு கல்லில் ஏறும்போதும் தலைக்கயிற்றைச் சுண்டுவதில்லை. வடக்கு தெற்குத் திருத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. திசையை மாற்றினால் பற்களுக்கு இடையேயுள்ள இடைவெளி அடைபடும்வரை ஒன்றும் நகராது. அடைபட்டதும் வெடுக்கென்று நகரும். அதனால் தேர்ந்தவர்கள் சிலர் துருவ அமைப்பில் வேண்டுமென்றே இம்மியளவு பிசகு விட்டுவைக்கிறார்கள். நழுவல் ஒரே பக்கம் இருந்தால் திருத்தமும் ஒரே பக்கம்.

ஊரைப் பொறுத்தும் இந்தக் கணிப்பு மாறுகிறது. காவலூரின் அகலக்கோடு 12.5 பாகை; துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேலே அவ்வளவுதான் எழும்பும். அந்த உயரத்தில் காற்றுமண்டலம் விண்மீனின் ஒளியை வளைத்து, அதை ஏறத்தாழ 4 கலை மேலே தூக்கிக் காட்டுகிறது. லண்டனில் இதே வளைவு ஒரு கலைகூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் துருவத்தை நம்பி அச்சை நிறுத்தினால், விண்மீன் நிமிடத்துக்கு ஒரு விகலை வரை நழுவக்கூடும். ஐரோப்பியருக்காக எழுதிய கையேட்டை அப்படியே பின்பற்றுபவர் இதில் சிக்குவார்.

இதெல்லாம் பழங்கதை, ஆட்டோகைடர் வந்தபின் எதற்கு இந்தக் கைப்பழக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. சிறு கேமரா ஒன்று ஓரிரு வினாடிக்கொரு முறை விண்மீனைப் படம்பிடித்து, அதன் மையத்தை ஒரு பிக்சலின் சிறு பகுதிவரை அளந்துவிடுகிறது. அந்தத் துல்லியமும் சலியாமையும் மனிதக் கண்ணுக்கு இல்லை. பழைய முறையின் கொடுமையையும் மறைக்கக் கூடாது. மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் கோவேறு கழுதை ஓட்டியாகவும் பிறகு துப்புரவுப் பணியாளராகவும் இருந்த மில்டன் ஹியூமேசன், பள்ளிப்படிப்பை முடிக்காமலேயே வானியலாளர் ஆனவர். என்ஜிசி 7619 என்ற மங்கலான விண்மீன் மண்டலத்தின் நிறமாலைக்காக அவர் 33 மணி நேரம் ஒன்றும் 45 மணி நேரம் ஒன்றுமாக, பல இரவுகளில் தொடர்ந்து ஒளிபிடித்தார். அவ்வளவு நேரமும் அந்த மங்கல் ஒளி நிறமாலைமானியின் பிளவை விட்டு விலகாமல் காக்க வேண்டியிருந்தது. அந்த மண்டலம் வினாடிக்குச் சுமார் 3,800 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்வதாக 1929-இல் வெளிவந்த அளவு, தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடும் என்ற ஹபிளின் விதிக்கு வலுவான சான்றானது. அந்தச் சான்றுக்காக ஒரு மனிதர் குளிரில் விறைத்துக் கிடந்ததை யாரும் மீண்டும் விரும்பத் தேவையில்லை.

ஆனால் ஆட்டோகைடரைத் திறந்து பாருங்கள். எவ்வளவு விலகினால் திருத்துவது, விலகலில் எத்தனை விழுக்காட்டைத் திருத்துவது, எத்தனை வினாடி பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று அது நம்மிடமே கேட்கிறது. ஹியூமேசன் போன்றவர்களின் விரல் அறிந்திருந்த அதே விஷயங்கள்தான் இப்போது எண்களாக நிற்கின்றன. எண்களைத் தவறாக வைத்தால் கருவி காற்றின் ஒவ்வொரு துடிப்பையும் துரத்தி, கைடு செய்யாத படத்தைவிட மோசமான படத்தைத் தரும். மென்பொருளே தானாக எண்ணைப் பரிந்துரைக்கிறதே என்றால், அந்தப் பரிந்துரை அன்றைய காற்றை, அந்தத் திருகை, அந்த ஊரின் துருவ உயரத்தை எவ்வளவு தூரம் கணக்கில் எடுத்திருக்கிறது என்று மதிப்பிடவும் ஆள் தேவை. ஆகவே இங்கே புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் இரவுகளில் ஆட்டோகைடரைக் கொடுக்கக் கூடாது என்பேன். ஹேண்ட்செட்டைக் கையில் கொடுத்து, எட்டு நிமிடச் சுற்று ஒன்று முழுவதும் பொத்தானைத் தொடாமல் விண்மீன் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று மட்டும் பார்த்து நோட்டில் குறிக்கச் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் திருத்தட்டும். அதன்பிறகு ஆட்டோகைடரின் கேபிளை மாட்டலாம்.