ஓலைக்கால், சீலைக்கால்

ஸ்வீடனில் வேலை பார்க்கும் பேரன் பெரியகுளம் வந்திருந்தபோது பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். 1946-இல் வந்தது. 91 கார்ல்சன் என்று ஓர் அப்பாவிச் சிப்பாய். ருடால்ஃப் பெட்டர்சன் என்பவர் 1932-இல் பத்திரிகையில் வரையத் தொடங்கிய சித்திரக்கதை ஆள், பிறகு திரைக்கு வந்திருக்கிறான். பாஷை ஒரு எழுத்தும் புரியவில்லை. அந்த முழியைப் பார்த்தே சிரித்துவிட்டேன். நம் படத்துப் புலிகேசியும் சிம்புதேவன் கேலிச்சித்திரத்திலிருந்து வந்தவர்தானே! 2006-இல் வடிவேலு வெள்ளைக்கொடி தூக்கியபோது தியேட்டரில் நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி முறைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வரக் காரணம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி எடுத்தவன் நான். கட்டளை எல்லாம் இந்தியில். 'தாஹினே முட்' என்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கம்பம் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் தவறாமல் இடப்பக்கம் திரும்பி, அடுத்தவனோடு மூக்கை முட்டிக்கொண்டு நிற்பான். அந்தக் காலத்தில் சிப்பாய்களுக்கு ஒரு காலில் ஓலையும் மறுகாலில் சீலையும் கட்டி, 'ஓலைக்கால், சீலைக்கால்' என்றே நடை பழக்குவார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் மைதானத்தில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, ராத்திரி பாரக்ஸுக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப்போய், அதேபோல அவன் காலில் கந்தல் துணியைக் கட்டித் திருப்பிப் பழக்குவார். காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி கத்துவார். எங்களுக்கெல்லாம் தெரியும்; யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்வீடனில் 1901-லிருந்தே கட்டாய ராணுவ சேவை இருந்தது. கார்ல்சன் படம் வந்தபோது அங்கே தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படி உஸ்தாத்திடம் ஏச்சு வாங்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தங்களைப் பார்த்துத் தாங்களே சிரிக்க அவர்களால் முடிந்தது. இங்கே விரும்பிப் போனவர்கள் மட்டும்தான் பட்டாளத்துக்காரர்கள். அதனால் நம் படங்களில் சிப்பாய் என்றால் எல்லையில் சாக வேண்டும், இல்லையென்றால் ரம் பாட்டிலோடு ஊருக்கு வர வேண்டும். லீவில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், "மாமா, கேண்டீன் சரக்கு இருக்கா?" என்பார்கள்.

நானும் சும்மா இருந்தேனா? மீசையை முறுக்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் எல்லைக் கதையாக அளப்பேன். அந்த வயதில் நான் அதிகம் பார்த்தது மைதானத்தையும் பூட்ஸ் பாலிஷையும்தான். இதையெல்லாம் சொன்னால் மரியாதை போய்விடுமோ என்று பயம். இப்போது பேரன் கேட்டால் கம்பத்துப் பையன் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். அவன் சுபேதாராக ஓய்வு பெற்றான். அவனிடம் பயிற்சி எடுத்த பையன்களும் அவனிடம் நன்றாகவே ஏச்சு வாங்கினார்களாம்.