கருமாதிக்கு முன் கையெழுத்து வேண்டாம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்தார், அம்மா கூடை சுமந்தார், நீங்கள் படித்தீர்கள். அதனால் உங்கள்மீது ஒரு பொறுப்பு விழுந்திருக்கிறது. வீட்டில் ஒருவர் பிறர் தவறால் இறந்துபோனால், எழவு வீட்டு அழுகைக்கு நடுவே நீட்டப்படும் காகிதத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் நீங்கள்தான். திண்டிவனம் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். அந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்று நான் பெற்ற பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடிவதற்கு முன் சைக்கிளில் உப்பளத்துக்குப் போன ஒருவரைக் கார் ஒன்று அடித்துப் போட்டது. பால் தெளித்த மறுநாளே கார்க்காரர் தரப்பில் இருவர், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையில் எழுபதாயிரம் ரூபாயும் ஒரு பத்திரமும். இனி எந்த வழக்கும் தொடர மாட்டோம் என்று அதில் எழுதியிருந்ததைப் பதினொன்றாம் வகுப்புப் படித்த, இறந்தவரின் அண்ணன் மகள்தான் வாசித்துச் சொன்னாள். இறந்தவரின் மனைவி என்னிடம் வந்து, "அய்யா, ஏழைக்கு இவ்ளோ குடுக்கறதே பெருசுன்னு சொல்றாங்க, வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டார். "கருமாதி முடியட்டும் தாயே, அதுவரைக்கும் எதிலயும் கைநாட்டு வைக்காதே" என்றேன்.

துக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குப் பந்தல் செலவு தெரியும். பிள்ளைகள் வளர வேண்டிய பதினைந்து ஆண்டுகள் தெரியாது. இதை அறிந்தவர்கள்தான் மூன்றாம் நாளே பணத்தோடு வருகிறார்கள். வந்தவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்கள் அவசரம் அவர்களுடையது. அதை நம் அவசரமாக்கிக்கொள்ளக் கூடாது.

அந்த எழுபதாயிரம் எவ்வளவு சிறியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த முறை இது. இறந்தவருக்கு வயது 35, மாத வருமானம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 1,44,000. நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட கூலிக்காரர் என்பதால், பின்னால் கூடியிருக்கக்கூடிய வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்; 2,01,600 ஆகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவது 1,51,200. அந்த வயதுக்கு உரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 24,19,200 ரூபாய். ஈமச் செலவுக்கும், துணையையும் தகப்பனையும் இழந்ததற்கும் தரும் தொகை இதற்கு மேல்.

"எங்களுக்குச் சம்பள ரசீது ஏது?" என்று உப்பளத்துக்காரர்கள் கேட்பார்கள். ரசீது இல்லாததால் உழைப்பு இல்லையென்று ஆகிவிடாது. 2011-இல் ராமச்சந்திரப்பா வழக்கில், கூலி வேலை செய்தவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே கருதியது. நிலவரக் கூலியை வைத்து நீதிமன்றம் வருமானத்தை நிர்ணயிக்கும். வீட்டு வேலை மட்டும் செய்த பெண் இறந்தாலும் இழப்பீடு உண்டு. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் நேர்ந்த தீவிபத்து பற்றிய லதா வாத்வா வழக்கில், 2001-ஆம் ஆண்டே இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் இவ்வளவு என்று மதிப்புப் போட்டார்கள். அம்மாவின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத வீடுகள் இன்னும் நம் ஊரில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்த அம்மா பத்திரத்தில் கைநாட்டு வைக்கவில்லை. வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு வந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது. உப்புக் காய்ச்சுகிறவர்களுக்குக் காத்திருப்பதைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைசியில் பணம் வந்தபோது பிள்ளைகளின் பங்கைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறு பிள்ளைகளின் பணத்தை இப்படிக் காக்க வேண்டும் என்பது 1994-இல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. பணத்தைக் கையில் கொடுக்கவில்லையே என்று அன்று உறவினர்கள் கோபித்தார்கள். மூத்த பெண் நர்சிங் படித்தது அந்த வைப்பிலிருந்துதான்.

காத்திருப்பது என்றால் மனுவே போடாமல் இருப்பது அல்ல. மோட்டார் வாகன விபத்துக்கு எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1994 முதல் 2022 வரை அது உண்மைதான். திருத்தப்பட்ட சட்டம் இப்போது விபத்து நடந்து 6 மாதம் என்கிறது. அதற்குள் போய்விடுங்கள். அடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் ஏற்பாடு 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வீட்டில் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சாலைக்கு வெளியே நேரும் சாவுக்கும் வழி உண்டு. அறுந்து கிடந்த மின்கம்பி மழைத் தண்ணீரில் மறைந்திருக்க, சைக்கிளில் வந்தவர் அதில் பட்டு இறந்த ஷைல் குமாரி வழக்கில், தப்பு எங்களுடையது அல்ல என்று மின்வாரியம் சொன்னதை 2002-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் தொழிலாளி இறந்தால், முதலாளி இழப்பீட்டை விதவையின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே உள்ள விதி. இவை எதிலும் அடங்காத சாவுக்கும் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இருக்கிறது. பிறருடைய தவறான செயலால் ஒருவர் இறந்தால், மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குத் தொடரலாம். அதற்குக் காலம் 2 ஆண்டு.

இதைச் சொல்லும்போது எக்கியார்குப்பத்தைச் சொல்லாமல் போக என் மனம் ஒப்பவில்லை. 2023 மே மாதம், மெத்தனால் கலந்த நஞ்சைச் சாராயம் என்று விற்றார்கள். எக்கியார்குப்பம் உள்ளிட்ட மரக்காணம் பகுதியில் 14 உயிர்கள் போயின. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள். இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் அறிவித்தது, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மறு வருடம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு எதற்குப் பணம் என்று இரண்டு முறையும் கேட்டவர்கள் உண்டு. அந்தச் சாராயத்தை அவன் மனைவி காய்ச்சவில்லை. அவன் பிள்ளை விற்கவில்லை. இழப்பீடு இறந்தவனுக்குத் தரும் பரிசும் அல்ல. அவனை நம்பி இருந்தவர்கள் இழந்ததற்கு ஈடு. அரசு தருவது நிவாரணம். நஞ்சை விற்றவனிடம் கேட்கும் உரிமை அதனால் தீர்ந்துபோவதில்லை. குற்றவியல் வழக்கு அவனைச் சிறைக்கு அனுப்பலாம்; அதனால் மட்டும் அந்த வீட்டு உலை கொதிக்காது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் ஒன்று இருப்பதும், அதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பதும் எத்தனை குப்பத்து வீடுகளுக்குத் தெரியும்? இந்த அறியாமை என்னை இன்றும் வருத்துகிறது.

இன்னொன்று. பிணவறை வாசலில் ஒருவர் வந்து, "செலவே வேணாம், வர்ற பணத்துல முப்பது பர்சன்ட் குடுங்க" என்பார். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் வழக்கறிஞருக்கே தடை செய்திருக்கின்றன. அப்படியிருக்க, தரகருக்கு ஏது உரிமை? வெற்று வக்காலத்திலும், தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்துக் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது இன்று காரணமாகாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் பேரழிவில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. கணவனை இழந்தவள் பெண் என்ற ஒரே காரணத்தாலேயே அதற்கு உரியவள். வட்டச் சட்டப்பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். அங்கே போகத் தயங்கும் அத்தைக்கும் சித்திக்கும் துணையாக நீங்கள் போங்கள். மனுவை வாசித்துக் காட்டுங்கள். வாய்தாத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஊரில் ஒரு வீட்டில் இப்படி எழவு விழுந்தால், மாலையோடு போகும்போது சட்ட உதவி எண்ணையும் சொல்லிவிட்டு வாருங்கள்: 15100.