கியாதியும் மோட்டாரும்

இவ்வருஷம் ஒரு மோட்டார் வாங்கிவிடுவதென்று நாம் தீர்மானித்தோம். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது சாமானிய விஷயமல்ல. பத்து வருஷச் சேமிப்பு. மயிலாப்பூரில் தெரிந்த பெரியவர்களையெல்லாம் யோசனை கேட்டுவிட்டு, கடைசியில் தியாகராய நகரிலிருக்கும் அத்திம்பேரிடம் போனோம். டாடா வண்டியை உத்தேசித்திருப்பதாகச் சொன்னதுதான் தாமதம்.

"ஏனப்பா, வாத்தியார் சம்பளம் போதாதென்று கால் டாக்ஸி ஓட்டப் போகிறாயா?" என்றார்.

அத்திம்பேர் சொன்னது ஆதாரமற்றதல்ல. 1998-இல் இண்டிகா கார் அறிமுகமானபோது, இந்தியக் கம்பெனியே உருவாக்கிய சிறு கார் என்று, கல்லூரி மாணவராயிருந்த நாமும் பூரித்துப் போனோம். ஆனால் முதலில் வாங்கியவர்களிடமிருந்து புகார்கள் கிளம்பின. கம்பெனியார் குறைகளைக் களைந்து 2001-இல் 'வி2' என்ற திருந்திய வண்டியை வெளியிட்டார்கள். பிறகு அதுவே நமது நகரத்து வாடகை வண்டியாக எங்கும் ஓடியது. வண்டி திருந்திற்று, பெயர் திருந்தவில்லை.

கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்காப் ஸ்தாபனம், 2014-இல் நமது நாட்டில் விற்ற ஐந்து சிறு கார்களைப் பரீட்சித்தது. ஐந்துக்கும் பூஜ்யம்! டாடாவின் நானோவும் அதில் உண்டு. ஜெர்மன் கியாதி பெற்ற போலோவும், காற்றுப்பை இல்லாத ரகத்தில், அதே பூஜ்யந்தான். 2018-இல் டாடாவின் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்கும் கார் எதுவும் அதற்கு முன் அந்தச் சோதனையில் அம்மதிப்பைப் பெற்றதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய்க்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1986-இல் அமெரிக்காவில் மலிவு விலைக்கு விற்ற எக்ஸெல் கார் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. அதைப் போக்கப் பத்து வருஷ உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது.

காரணம் எளிது. நம்மவர் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வண்டி வாங்குகிறோம். அந்த ஒரு வண்டியின் அநுபவத்தை அடுத்த பத்து வருஷமும் புதிய செய்தி போல் சொல்லி வருகிறோம். கேட்பவர் அதை இன்னும் பத்து வருஷம் சொல்கிறார்.

அன்றிரவு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தோம். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவனுடைய கணக்குகள் எல்லாம் சரியாயிருந்தன. நமது கை தானாகவே ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டது. பக்கத்துப் பையனின் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். வழிமுறையே வேறு, அவன் தாளில் இரண்டு கணக்கு தப்புங்கூட.

மறுநாள் அவனை அழைத்தோம். நாம் வாய் திறப்பதற்குள், "நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஸார்" என்று தலை குனிந்து சொன்னான். போன வருஷத்து மார்க்கை வைத்துக்கொண்டு இந்த வருஷத்துப் பையனை எடை போட்டிருந்தோம். அத்திம்பேரை நாம் என்ன சொல்லிக் குறை கூறுவது? முழு மார்க்கையும் வகுப்பறிய வாசித்தோம்.

சென்ற வாரம் மோட்டார் வந்தது. அத்திம்பேரைக் கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். வழியெல்லாம் அவர் பேசவேயில்லை. இறங்கும்போது கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது" என்றார். உடனே பையைத் துழாவிக்கொண்டு கேட்டார்: "மீட்டர் எவ்வளவு ஆயிற்று?"